கரையான், உளு, மக்கல்: கொங்கு வீடுகளின் மரச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் வீடுகளுக்குப் போய் மரத்தைப் பார்த்து, எது கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. மருந்து அடிப்பதில்லை. தோட்டத்துச் சாளையாக (தோட்டத்து வீடாக) இருந்தாலும் சரி, சரவணம்பட்டி அடுக்குமாடியாக இருந்தாலும் சரி, மக்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

ஏனுங்க, மரச் சோதனைன்னா என்னதான் பண்ணுவீங்க? தட்டிப் பார்க்கிறதுதானே?

தட்டியும் பார்ப்போம். ஆனால் வேலை வீட்டுக்கு வெளியே தொடங்குகிறது. முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை. பொடக்காலியில் (வீட்டுப் பின்பக்கத்தில்) சுவரை ஒட்டி விறகோ தென்னை மட்டையோ அடுக்கியிருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா, ஏசி தண்ணீர் எங்கே விழுகிறது, வெளி மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு ஏறி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் உள்ளே: நிலவுக்கால்களின் (நிலவு என்பது கதவுச் சட்டம்) அடி, குளியலறைக் கதவு, சிங்க் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி, மாடிப்படிக்கு அடியில், அட்டாலி, சாமி அறை. கடைசியாகக் கூரை.

கையில் இருப்பது ஒரு டார்ச், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஓர் ஈரமானி, ஏணி. டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்கக் கூடாது. சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போதுதான் பெயின்ட்டுக்கு அடியில் மெல்லிசாக எழும்பிய மண்கோடு நிழல் கொடுத்துக் காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் நல்ல மரம் எதிர்த்து நிற்கும். கெட்ட மரத்தில் முனை சத்தமே இல்லாமல் உள்ளே போகும். இத்தனையும் செய்வது மூன்று விஷயம் தெரிந்துகொள்ளத்தான்: மரத்தைத் தின்பது எது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மரம் மண்ணை எங்கே தொடுகிறது.

கரையான், செல்லு, உளு, மக்குறது எல்லாம் ஒண்ணுதானுங்களா?

கரையானும் செல்லும் ஒன்று. மற்றவை வேறு வேறு. மருந்தும் வேறு வேறு என்பதால் இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

நம் பக்கம் அதிகம் சேதம் செய்வது மண்ணுக்குள் கூடு வைத்து வாழும் கரையான். அதற்கு ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும். அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் மாதிரி வழி கட்டிக்கொண்டு மரத்துக்கு வரும். தின்ற மரத்தைப் பிரித்தால் உள்ளே மண் அப்பியிருக்கும். மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையானும் உண்டு. அது மண் பூசாது. கசகசா அளவில், ஆறு பட்டை உள்ள கெட்டியான எச்சத்தைச் சின்னத் துளை வழியாக வெளியே தள்ளும்.

உளுத்துப் போவது வண்டு வேலை. வண்டின் புழு மரத்துக்குள் இருந்து தின்று, வளர்ந்து வண்டாகி வெளியே வரும்போது 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் உருண்டைத் துளை விடும். அடியில் மைதா பதத்துக்கு நைசாகத் தூள் கொட்டும். மூங்கில், மாமரம், ரப்பர் மரச் சாமான்களில் இதை நிறையப் பார்க்கலாம். மக்குவது பூச்சியே இல்லை, பூஞ்சை. மரம் நிறம் மாறி, குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாக வெடிக்கும். இல்லாவிட்டால் வெளுத்து நார் நாராகப் பிரியும். கையில் எடுத்தால் ஈரமாகவோ எடையே இல்லாமலோ இருக்கும்.

மழை விட்டதும் ராத்திரி ஈசல் வந்துச்சு. அதுக்கும் கரையானுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

ஈசல்தான் கரையான். கூட்டில் இருந்து புதுக் கூடு தேடிப் பறக்கும் ராஜா, ராணிகள் அவை. மழைக்கு மறுநாள் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற ஊர் நம்முடையது என்பதால், அதைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் நமக்கு இல்லை. பெரும்பாலும் பயப்படவும் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஜன்னல் வழியாக வந்தவை இறக்கை உதிர்த்து, பல்லிக்கு இரையாகி முடிந்துபோகும்.

ஆனால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது நிலவுக்கால் ஓரத்தில் இருந்தோ, தரை டைல்ஸ் இடுக்கில் இருந்தோ ஈசல் புறப்பட்டு வந்தால், கூடு வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இறக்கை முளைத்த எறும்பும் இதே சமயத்தில் பறக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, நான்கு இறக்கையும் ஒரே நீளம்.

கண்ணுல ஒரு கரையானும் படலீங்க. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?

வெளிச்சம் கரையானுக்கு ஆகாது, வறண்ட காற்று பட்டால் காய்ந்து செத்துப்போகும். அதனால் மரத்தின் வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தான் தின்னும். பெயின்ட் அடித்த நிலவு பார்வைக்கு முழுசாகவே இருக்கும்; கட்டைவிரலால் அழுத்தினால் பெயின்ட் மட்டும் உள்ளே அமுங்கும். கதவு திடீரென்று இறுக ஆரம்பிப்பது, பெயின்ட் சுருங்கி அலை அலையாகத் தெரிவது, அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடிப்பக்கம் தரையோடு ஒட்டிக்கொள்வது, இவையெல்லாம் முதல் அறிகுறிகள். பார்வையில் படும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் உள்ளே வெகுநாளாக இருக்கிறது என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்துப் பார்ப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வரும் பொள்ளாச்சிப் பக்கம் ஆடியிலேயே பார்க்கலாம். ஈரோடு, கரூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை.

மண் தடத்தைப் பார்த்ததும் சீவி எடுத்துட்டுப் பூச்சி ஸ்பிரே அடிச்சுட்டேன். சரிதானுங்களே?

வேண்டாம். ஸ்பிரே பட்ட நூறு கரையான் சாகும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. மற்றவை அந்த வழியை அடைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் வேறு வழி போடும். அடுத்த தடவை உங்களுக்குத் தெரியாத இடத்தில் வரும்.

தடம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதுதான் சோதனைக்கு வருகிறவருக்குக் கிடைக்கும் பெரிய சாட்சி. முழுவதையும் சீவாமல் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடினாலோ, ரெண்டு மூணு நாளில் உடைத்த இடத்தை ஈர மண்ணால் அடைத்திருந்தாலோ கரையான் நடமாட்டம் இருக்கிறது. அடைக்கவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, வழி மாறியிருக்கலாம்.

எங்க வீடு பூரா தேக்குங்க. தேக்குல கரையான் வராதுன்னு கடைக்காரர் சொன்னாரே?

தேக்கின் வைரத்துக்கு அது உண்மை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் கரையானுக்குப் பிடிக்காத இயற்கைச் சத்துகள் உண்டு. அதைச் சுற்றியுள்ள வெளுத்த பாகத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. பழைய வீடுகளில் பெருத்த மரத்தை அறுத்து, வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு வேலை செய்தார்கள். இப்போது சந்தைக்கு வருவதில் நிறைய இளம் தோப்புத் தேக்கு. அதில் வெள்ளை அதிகம். பாலிஷ் போட்டு நிறம் ஏற்றியபின் கண்டுபிடிக்கவே முடியாது. வாங்கும்போதே அறுத்த முனையைப் பாருங்கள், இரண்டு நிறமும் அங்கே தனித்தனியாகத் தெரியும்.

வேம்பும் இப்படித்தான், வைரம் நிற்கும், வெள்ளை நிற்காது. பனங்கையில் (கூரைக்குப் போடும் பனஞ்சட்டத்தில்) வெளிப்பக்கம் கறுத்த பாகம்தான் பலம். உள்சோறு மிருதுவானது. சோறு சரியாகச் செதுக்காத பனங்கை உள்பக்கம் இருந்து போகும். தென்னையும் அப்படியே. பிளைவுட் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள்: ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற முத்திரைகளில் பின்னது தண்ணீரை நன்றாகத் தாங்கும். தண்ணீர் தாங்குவது பசையின் குணம். அதை மட்டும் நம்பி அலமாரியை ஈரச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

எங்களுது கான்கிரீட் வீடு, இரும்பு நிலவு, யூ.பி.வி.சி. ஜன்னல். எங்களுக்கு என்ன கவலை?

இரும்பையும் பிளாஸ்டிக்கையும் தின்னாது, அவற்றின் பக்கத்தால் நடந்து போகும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விரிசல் அதற்குப் போதும். தரைக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கு, குழாய் நுழையும் துளை, வயர் பைப் எல்லாமே வழி. உள்ளே அதற்குத் துணி, புத்தகம், பத்திரம், அட்டைப்பெட்டி, அலமாரியின் முதுகுப் பலகை எல்லாம் இருக்கிறது. திருப்பூரில் வீட்டின் கீழ்த்தளத்தைப் பீஸ் குடோனாக வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். சரக்கைக் காப்பதற்கு மட்டுமில்லை, சுவரடியைப் பார்க்க இடம் வேண்டும்.

மூணாவது மாடிங்க எங்க வீடு. அங்க எப்படி ஏறி வரும்?

மேலே சொன்ன அதே வழிகள்தான், கொஞ்சம் நீளம். குளியலறைக் குழாய்கள் இறங்கும் சந்து கீழிருந்து மேல்வரை ஒரே இருட்டு, ஒரே ஈரம். அதன் வழியாக வந்து உங்கள் குளியலறைக்குப் பின்சுவர் அலமாரியில் வெளிப்படும். சில வகைக் கரையான்களுக்கு மாடியிலேயே நிரந்தரமாக ஒழுகும் இடம் கிடைத்துவிட்டால் மண்ணுக்கு இறங்காமல் அங்கேயே கூடு வைத்துவிடும். அந்த நிலையில் கீழே தரையில் எவ்வளவு மருந்து விட்டாலும் பயன் இல்லை, ஒழுக்கை அடைத்துவிட்டுக் கூட்டை எடுக்க வேண்டும். அடுக்குமாடியில் இதை ஒரு வீட்டுக்காரர் மட்டும் தீர்க்க முடியாது. சங்கத்தில் பேசி அந்தக் குழாய்ச் சந்து முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாத்ரூம் கதவு அடியில பொடுபொடுன்னு உதிருது. கரையான் மருந்து அடிச்சுடலாமுங்களா?

மண் அப்பியிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் இது மக்கல். கரையான் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நான் பார்க்கும் புதுவீடுகளில் அதிகம் கெட்டிருப்பது குளியலறை நிலவின் அடி அரையடிதான்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் மக்க வைக்கும் பூஞ்சை வளராது. ஈரமானியை நிலவின் மேல்பாகத்தில் குத்தினால் நம் ஊர் வெயிலுக்கு நன்றாகக் காய்ந்த அளவைக் காட்டும்; அடியில் குத்தினால் 30-ஐத் தாண்டும். காரணம், நிலவுக்காலின் அறுத்த முனையைச் சிமென்ட் தரைக்குள் புதைத்து நிறுத்தியிருப்பார்கள். மரத்தின் நாளங்கள் திறந்திருக்கும் இடம் அதுதான். தினமும் குளிக்கும் தண்ணீரை அது குடித்துக்கொண்டே இருக்கும், காய்வதற்கு வழியே கிடையாது.

கெட்ட பாகத்துக்கு மேலே நல்ல மரம் வருகிற இடம் வரை, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து அறுத்துவிட்டு, அந்த இடத்தில் கருங்கல் துண்டு வையுங்கள். நிலவு அந்தக் கல்லின் மேல் நிற்கட்டும். அறுத்த முனைக்குப் பெயின்ட்டோ எபாக்சியோ நன்றாக ஊற ஊறப் பூசிய பிறகே நிறுத்த வேண்டும். தரைச் சரிவு கதவுப் பக்கமா, தண்ணீர் வெளியேறும் ஜாலிப் பக்கமா என்பதையும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடுங்க. அத்தனை வருஷம் நின்ன தூணும் விட்டமும் இப்பப் போய் ஏன் இத்துப் போகுது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வீடுகளைக் கெடுப்பது வயது இல்லை, நாம் செய்த மாற்றங்கள்.

கட்டியவர்கள் தூணைக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். மரம் தரையைத் தொடாது. பின்னால் வந்தவர்கள் பழைய தரை மேலேயே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். தரை நாலு அங்குலம் உயர்ந்தது, அடிக்கல் புதைந்தது, தூணின் அடிமரம் சிமென்ட்டுக்குள் போனது. குளியலறை நிலவுக்கு நடப்பதே ஆசாரத்துத் தூணுக்கும் நடக்கிறது. சுவரும் அப்படித்தான். மண் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருந்தன. அதன் மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்ததும் ஈரம் உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் முனையில் போய்ச் சேருகிறது. விட்டத்தின் நடுப்பாகம் இரும்பாக நிற்கும், சுவருக்குள் இருக்கும் முழம் நீளம் மட்டும் மக்கியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

கூரையில் முதலில் பார்க்க வேண்டியது கூடுவாய், அதாவது இரண்டு சரிவும் சேர்ந்து தொட்டிக்கு (நடு முற்றத்துக்கு) தண்ணீர் இறங்கும் மூலை. அங்கே ஓர் ஓடு நகர்ந்தால் ஒட்டுமொத்தக் கூரைத் தண்ணீரும் ஒரே கைமரத்தின் (ஓடுகளைத் தாங்கும் சாய்வுக் கட்டையின்) தலையில் இறங்கும். முன்பு வீட்டில் ஆள் இருந்தது; ஒழுகினால் அன்றைக்கே ஏறி ஓட்டை மாற்றினார்கள். விறகடுப்புப் புகை கைமரத்தைக் காய வைத்து, பூச்சியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. இப்போது பிள்ளைகள் கோவையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், வீடு நோம்பிக்கு மட்டும் திறக்கிறது. மயில் ஏறி ஓடு நகர்ந்தால் அடுத்த நோம்பி வரை கேட்க ஆள் இல்லை. செய்ய வேண்டியது என்னவென்றால், தூணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தரையை வெட்டி அடிக்கல்லைத் திரும்ப வெளியே கொண்டுவருவது, விட்டம் செருகிய இடத்தில் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக்குத் திரும்புவது, மழைக்கு முன்னும் பின்னும் ஓடு மாற்ற ஓர் ஆளை நிரந்தரமாகச் சொல்லி வைப்பது. தூணை மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு.

பழைய விட்டத்துல ஓட்டை ஓட்டையா இருக்குது. மாத்தியே ஆகணுமுங்களா?

ஓட்டை இருப்பதால் மட்டும் வேண்டாம். மாவு தின்னும் வண்டுக்கு மரத்தின் வெள்ளைப் பாகத்தில் உள்ள மாவுச்சத்துதான் உணவு. அது தீர்ந்ததும் வண்டும் போய்விடும். பழைய விட்டத்தில் நீங்கள் பார்க்கும் துளைகள் உங்கள் தாத்தா காலத்தில் விழுந்தவையாக இருக்கலாம். துளையின் உள்ஓரம் கறுத்துத் தூசி படிந்திருந்தால் பழசு. வெளுத்துப் புதிதாக இருந்தால் இப்போதையது. சந்தேகம் என்றால் கீழே ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்து வைத்து, சில வாரம் கழித்துத் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லாரி போகும் அதிர்விலும் பழைய தூள் உதிரும் என்பதால் துளையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக, ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அது கருவண்டு. மரத்தைத் தின்பதில்லை, குடைந்து முட்டை வைக்கும். வண்டு போனபின் அடைத்துவிட்டால் போதும். எந்த வகையானாலும், ஸ்க்ரூடிரைவர் ஆழமாக இறங்கினாலோ விட்டம் நடுவில் தொய்ந்திருந்தாலோ முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது என் வேலையைத் தாண்டிய விஷயம்.

சென்னிமலைல எங்களுது குழித்தறி. தறிக்காலு மண்ணுலதான் நிக்குது. என்ன பண்றதுங்க?

மரம் மண்ணைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்கிற இடம் இது. தறிக்காலின் அடியில் கல்லோ கனத்த பிளாஸ்டிக் தகடோ கொடுங்கள். குழியின் உள்சுவருக்குச் சிமென்ட் பூச்சு நல்லது. விரிசல் விட்டால் உடனே அடையுங்கள். பாவும் நூலும் கை படும் இடம் என்பதால் குழிக்குள் பூச்சிமருந்து தெளிக்க நான் சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், தடம் ஒரு சாண் ஏறுவதற்குள் பிடித்துவிடலாம்.

வீட்டை ஒட்டிப் புத்து இருக்குது. வெள்ளிக்கிழமை பால் ஊத்தி மஞ்சள் வெச்சுக் கும்பிடறோம். இடிக்கச் சொல்றாங்க. என்னங்க பண்றது?

இடிக்க வேண்டிய அவசியம் இல்லை. மேலே தெரியும் மண்ணை இடித்தாலும் ராணி கீழே இருக்கும், சில வாரத்தில் திரும்பவும் எழும்பும். பாம்பு குடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கடப்பாரையோடு போவது ஆபத்து.

கும்பிடும் புற்றை அப்படியே விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்தைக் கெட்டிப்படுத்துங்கள். புற்றுக்கும் சுவருக்கும் நடுவே விறகு, மட்டை, காய்ந்த சருகு எதுவும் கிடக்கக் கூடாது. சுவரைச் சுற்றி மண்ணில் மருந்துத் தடுப்பு போடுங்கள், விரிசல்களை அடையுங்கள். ஊற்றுகிற பாலும் தண்ணீரும் சுவர்ப் பக்கம் ஓடாமல் சின்னக் கரை கட்டிவிடுங்கள். யாரும் கும்பிடாத புற்று, அதுவும் சுவரோடு சேர்ந்து எழுந்திருக்கிறது என்றால், பாம்பு இல்லை என்று தெரிந்தவர்களை வைத்து உறுதி செய்தபின் உள்ளுக்குள் மருந்து ஊற்றி முடிக்கலாம்.

கழிவு ஆயில், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் பூசினாப் போதாதுங்களா? எங்கப்பா அதுதான் பண்ணுவாரு.

வேலிக்காலுக்குக் கழிவு ஆயில் ஓரளவு ஈரத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள் அது தீப்பிடிக்கும் பொருள், நாற்றமும் போகாது, மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். மண்ணெண்ணெய் ஆவியானதும் வேலை முடிந்தது. வேப்பெண்ணெய் கொஞ்ச நாள் விரட்டும். உளு வண்டுக்கும் மக்கலுக்கும் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலைப் பச்சை மரத்தில் ஊற வைப்பது நல்ல முறை. மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும், உள்வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாளையில் ஆல்ட்ரின் என்று எழுதிய டப்பா இருந்தால் தொடாதீர்கள். அது 1996-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

புதுசா வீடு கட்டுறோம். பேஸ்மட்டம் நிரப்பும்போது ஒருதடவை மருந்து ஊத்தினாப் போதுமுங்களா?

போதாது. ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியில் கட்டும்போது செய்ய வேண்டியது படிப்படியாக இருக்கிறது: அஸ்திவாரக் குழியின் அடியும் பக்கமும், சுவரை ஒட்டி மண் நிரப்பும்போது, தளம் போடுவதற்கு முன் நிரப்பிய மண்ணின் மேல், கடைசியாக வீட்டைச் சுற்றி வெளியே. மண்ணின் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், சுவரை ஒட்டிய பரப்புக்கு 7.5 லிட்டர்.

இதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடித் தரை ஏறத்தாழ 93 சதுர மீட்டர். தரைக்கு மட்டும் 465 லிட்டர் கலவை வேண்டும். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தானால் லிட்டருக்கு 2.1 மில்லி; அந்தத் தரைக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மருந்து. முதுகில் மாட்டும் டேங்க் ஒன்றோடு வந்து அரைமணியில் தெளித்துவிட்டுப் போனால் அது கணக்குக்கு வராது. மழை பெய்யும்போதும் மண் சொதசொதவென்று இருக்கும்போதும் செய்யக் கூடாது. இன்னொன்று, மருந்தைவிட முக்கியம் என்றே சொல்வேன்: சென்ட்ரிங் பலகைத் துண்டு, சாரக்கட்டை, சிமென்ட் சாக்கு எதையும் பேஸ்மட்ட மண்ணுக்குள் போட்டு மூட விடாதீர்கள். நாமே கரையானுக்குச் சோறு வைத்து மேலே வீடு கட்டுவதாகிவிடும்.

கட்டி முடிச்ச வீட்டுல தரையைத் துளை போட்டு மருந்து விடறாங்களே, கிணறு இருக்குது, குழந்தை இருக்குது. ஆபத்தில்லீங்களா?

முறையாகச் செய்தால் மருந்து தரைக்கு அடியில் மண்ணோடு இருக்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டருக்கு ஒன்று, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் என்பது அதே விதியின் மூன்றாம் பகுதியில் உள்ள முறை. பத்தடிச் சுவருக்குப் பத்துத் துளை வர வேண்டும். மூன்று நான்கு போட்டுவிட்டு முடிந்தது என்றால் நிறுத்திக் கேளுங்கள். அன்றைக்கே துளைகளைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும்.

கிணற்றை ஒட்டிய சுவருக்கு மண்ணில் மருந்து விடாமல், கரையான் தின்பதற்கு மருந்து கலந்த தூண்டில் உணவு வைக்கும் முறையையோ மரத்துக்கு மட்டும் செய்யும் முறையையோ கேளுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆடு மாடு, கோழி எல்லாரும் அன்றைக்கு வேறு இடத்தில் இருக்கட்டும். மருந்து டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். யாருக்காவது மயக்கம், வாந்தி வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான். செய்ய வருபவரிடம் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வாங்கிய உரிமம் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை.

கம்பெனிக்காரங்க சும்மாவே பார்த்துக் குடுக்கிறாங்க, அஞ்சு வருஷம் கேரண்டியும் தர்றாங்க. உங்களுக்கு எதுக்குங்க காசு?

நியாயமான கேள்வி. மருந்து விற்பவர் இலவசமாகப் பார்க்கும்போது, பதில் பெரும்பாலும் மருந்தாகவே இருக்கும். மேலே சொன்ன குளியலறை நிலவு, கூடுவாய்க் கைமரம், பழைய வண்டுத் துளை எதற்கும் கரையான் மருந்து தேவை இல்லை. நேர்மையாகச் சொல்லும் மருந்துக்காரர்களும் உண்டு, அவர்களை நான் அறிவேன். நான் இல்லாவிட்டாலும் விவரம் தெரிந்த ஒரு தச்சரையாவது தனியாகக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேரண்டித் தாளில் மூன்றைப் பாருங்கள். திரும்ப வந்தால் மருந்து மட்டும் அடிப்பார்களா, கெட்ட மரத்துக்கும் பணம் தருவார்களா? பெரும்பாலும் மருந்து மட்டும்தான். வருஷா வருஷம் அவர்களே வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? சுவரோரம் மண்ணைத் தோண்டினால் கேரண்டி போய்விடுமா? மருந்துத் தடுப்பு மண்ணில் இருப்பதால் இந்தக் கடைசி நிபந்தனை நியாயம்தான். குழாய் பதிக்கவோ செடி வைக்கவோ தோண்டுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

பழைய வீடு வாங்குறோம். பேங்க்ல இருந்து வந்து பார்த்துட்டாங்க. இன்னும் ஒருதடவை பார்க்கணுமுங்களா?

பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது கடனுக்கு வீடு ஈடாகுமா என்று. நிலவைக் குத்திப் பார்ப்பது அவர் வேலை இல்லை. கிரய ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் பத்திரத்துக்கு முன்பாவது பாருங்கள். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, நிலவடி மட்டும் புதுப் பட்டி பூசியிருந்தால் அங்கேதான் முதலில் ஸ்க்ரூடிரைவர் போக வேண்டும். சுவரில் சாத்திய பீரோவை நகர்த்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தெரிந்தே மறைத்தார் என்று பிற்பாடு நிரூபிப்பது எளிதில்லை. அதனால் “இதற்கு முன் கரையான் வந்ததுண்டா, மருந்து எப்போது அடித்தீர்கள்” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட மரம் கண்டால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்றில்லை. சரிசெய்யும் செலவைத் தச்சரிடம் கேட்டு விலையில் கழித்துப் பேசலாம்.

போன தடவை பார்த்தவரு கரையான் இல்லைன்னு எழுதிக் குடுத்தாரு. ஆறே மாசத்துல வந்துடுச்சு. ஏமாத்திட்டாருங்களா?

அந்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள். “கரையான் இல்லை” என்று இருக்கிறதா, “பார்க்க முடிந்த இடங்களில், பார்த்த தேதியில், நடமாட்டம் தென்படவில்லை” என்று இருக்கிறதா? இரண்டாவதைத்தான் யாராலும் நேர்மையாக எழுத முடியும். ஆறு மாதத்தில் புதிதாக ஒரு தடம் ஏறி நிலவுக்குள் போக நேரம் தாராளமாக உண்டு.

ஆனால் எந்தெந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை, ஏன் என்று அவர் எழுதியிருக்க வேண்டும்: பொய்க்கூரைக்கு மேல், பொருள் நிறைந்த அட்டாலி, சுவரோடு பதித்த அலமாரிக்குப் பின்னால். வீட்டின் கைப்படம் ஒன்றில் ஈரம் இருந்த இடங்களும், மரம் மண்ணைத் தொடும் இடங்களும் குறித்திருக்க வேண்டும். இப்போது கரையான் வந்திருப்பது அப்படிக் குறித்த ஓர் இடத்தில், அந்த ஈரத்தை யாரும் சரிசெய்யவில்லை என்றால், அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். படமே இல்லை, ஈர அளவு இல்லை, பார்க்காத இடம் பற்றி ஒரு வரியும் இல்லை, ஒரே தாளில் “நன்றாக உள்ளது” என்று மட்டும் இருந்தால், அந்தத் தாளைக் காட்டி அவரையே திரும்ப வரச் சொல்லிக் கேளுங்கள். வரும்போது தடத்தைச் சீவாமல் வைத்திருங்கள்.